ஊர் உறங்கும்போது ஓடும் நீர்

உங்கள் தெருக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது? நாள்தோறும் வருகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறதா? எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு வந்து ஏழு மணிக்கு நின்றுவிடும். ஐந்தே முக்காலுக்கே குடங்கள் வரிசையில் காத்திருக்கும். குழாயில் காற்றுச் சீறும் ஓசை கேட்டதும் என் தாயார் செய்யும் முதல் வேலை, முதல்நாள் பிடித்து வைத்த தவலைத் தண்ணீரை வாழைக்குக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பதுதான். தெருவில் பெரும்பாலான வீடுகளில் இதே வழக்கம். வாழை இல்லாத வீட்டில் அது சாக்கடைக்குப் போகிறது.

சென்ற ஆண்டு வகுப்பில் டாரிசெல்லி தேற்றத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பாத்திரத்தில் உள்ள துளை வழியே நீர் எவ்வளவு வேகத்தில் வெளியேறும் என்பதைக் கூறும் தேற்றம் அது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். “சார், பூமிக்கு அடியில் போகும் குழாயில் ஓட்டை இருந்தால் இரவும் பகலும் ஒழுகிக்கொண்டே இருக்குமே? அதைத் தடுக்கத்தானே ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுகிறார்கள்?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அன்று மணி அடித்துவிட்டது. அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். அந்த மாணவர் கேட்ட கேள்வியை 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறைமுக நகரம் கேட்டு, விடையும் கண்டுவிட்டது என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம். ஆனால் அந்த நகருக்குப் போகுமுன் இன்னும் பழைய ஒரு நகருக்குச் சென்றுவருவோம்.

வரவைவிடச் செலவு மிகுந்த கணக்கு

கி.பி. 97-ஆம் ஆண்டு. நெர்வா என்னும் பேரரசர் ரோமாபுரியின் நீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொறுப்பை செக்ஸ்டஸ் ஜூலியஸ் பிரான்டினஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். பிரிட்டனில் ஆளுநராக இருந்து படை நடத்தியவர் அவர். அப்போது ரோம் நகருக்கு ஒன்பது கால்வாய்கள் தொலைவிலிருந்து நீரைக் கொண்டுவந்தன. தமக்கு ஒன்றும் தெரியாத ஒரு துறையில் கீழுள்ளவர்கள் சொல்வதைக் கேட்டு நடப்பது இழிவு என்று கருதிய பிரான்டினஸ், முதலில் கணக்கேடுகளைப் புரட்டினார்.

அங்கே ஒரு வேடிக்கை காத்திருந்தது. அக்காலத்தில் நீரை ‘குவினாரியா’ என்னும் அலகால் அளந்தனர். ஏறத்தாழ 2.3 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குழாயின் வாய்தான் ஒரு குவினாரியா. நகருக்கு வந்த நீர் 12,755 குவினாரியா என்றும், பகிர்ந்தளித்தது 14,018 குவினாரியா என்றும் ஏட்டில் எழுதியிருந்தது. வந்ததைவிடக் கொடுத்தது 1,263 மிகுதி! கடன் வாங்காமல் வரவுக்கு மேல் செலவு செய்ய முடியுமா?

பிரான்டினஸ் ஏட்டை மூடிவைத்துவிட்டுக் கால்வாய்களின் தலைமடைக்கே சென்று அளந்தார். ஏட்டிலுள்ளதைவிட ஏறத்தாழ 10,000 குவினாரியா மிகுதியாகவே நீர் கால்வாயில் இறங்குவது தெரிந்தது. அப்படியானால் எஞ்சியது எங்கே போயிற்று? வழியில் நிலக்காரர்கள் கால்வாயை உடைத்துத் தோட்டங்களுக்குப் பாய்ச்சினர். நகருக்குள் நீர்ப் பணியாளர்களே தெருவின் கற்பாவலுக்கு அடியில் கள்ளக் குழாய்களைப் பதித்துக் கடைக்காரர்களுக்கு விற்றனர். அவற்றைத் தோண்டி எடுத்தபோது ஏராளமான ஈயம் கிடைத்தது என்று பிரான்டினஸ் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

இயற்பியல் மாணவர்கள் இங்கே ஒரு குறையைக் காண்பார்கள். குவினாரியா என்பது குழாய் வாயின் பரப்பு மட்டுமே. அதன் வழியே நீர் எவ்வளவு வேகத்தில் பாய்கிறது என்பது அதில் இல்லை. வேகமும் முக்கியம் என்பதை பிரான்டினஸ் உணர்ந்திருந்தார். அளக்கத்தான் கருவி இல்லை. ஆகவே அவருடைய எண்களை நம் லிட்டர்களாக மாற்றுவது எளிதன்று. ஆயினும் வந்ததையும் சென்றதையும் ஒப்பிட்டு இழப்பைத் தேடும் முறையை அவரிடமே காண்கிறோம்.

நான்கு மில்லிமீட்டர் ஓட்டை

பரப்பும் தெரிந்து வேகமும் தெரிந்தால் என்ன கணக்கிடலாம் என்று பார்ப்போமா? இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-இல் தம் விதியை வெளியிட்டார். துளைக்கு மேல் நீர் மட்டம் h உயரம் இருந்தால், வெளியேறும் வேகம் 2gh-இன் வர்க்கமூலம்.

தெருக் குழாயில் 20 மீட்டர் உயர நீரின் அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். g-இன் மதிப்பு 9.8. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 19.8 மீட்டர். குழாயில் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை, அதாவது ஒரு மிளகின் அளவு. நீர்த்தாரை துளையை விட்டு வந்ததும் சுருங்குவதால் 0.6 என்னும் எண்ணால் பெருக்கவேண்டும். விடை வினாடிக்கு 0.15 லிட்டர். ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஒரு நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 12,900 லிட்டர்! நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று நம் நாட்டில் திட்டமிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு மிளகளவுத் துளை 95 பேரின் நீரைக் குடித்துவிடுகிறது.

இன்னொரு கணக்கு. சாலையில் பெரிய குழாய் வெடித்து, வினாடிக்கு 20 லிட்டர் வீதம் வெள்ளம் பாய்கிறது. ஊரே கூடுகிறது, 12 மணி நேரத்தில் அடைத்துவிடுகிறார்கள். இழப்பு 8,64,000 லிட்டர். நம் மிளகுத் துளையோ மண்ணுக்குள் யார் கண்ணிலும் படாமல் ஓராண்டு ஒழுகுகிறது. இழப்பு 47 லட்சம் லிட்டர். வெடித்த குழாயைவிட ஐந்து மடங்கு! நீர் இழப்பில் பெரிய கள்வன் வெளிச்சத்துக்கு வருவதில்லை. ஆகவே ‘ஓட்டையை எப்படி அடைப்பது’ என்பதைவிட ‘ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது’ என்பதே கடினமான கேள்வி.

லிவர்ப்பூலின் தவிப்பு

இப்போது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்துக்கு வருவோம். அங்கும் அப்போது நம் தெருவைப் போலத்தான். தண்ணீர்க் கம்பெனிகள் நாளில் ஓரிரு மணி நேரம் மட்டும் நீர் விட்டன. ஏழைகள் குடியிருந்த சந்துகளில் பல வீடுகளுக்கு ஒரே குழாய். பிடித்து வைத்த நீர் தொட்டியிலும் பீப்பாயிலும் கெட்டது. காலரா மீண்டும் மீண்டும் வந்தது.

தாமஸ் ஹாக்ஸ்லி என்ற இளம் பொறியாளர் 1831-இல் நாட்டிங்காம் நகரில் ஒரு புதுமை செய்தார். குழாய்களில் இரவும் பகலும் அழுத்தம் குறையாமல் நீரை நிறுத்தி வைத்தார். ‘எல்லாம் வீணாகிவிடும்’ என்று பலர் எச்சரித்தனர். வீணாகவில்லை. 1844-இல் நகரங்களின் நலம் பற்றி ஆராய்ந்த அரசுக் குழுவின் முன் தோன்றி, நீரை நிறுத்தாமல் விடுவதே சிறந்தது என்று அவர் சாட்சியம் அளித்தார்.

அதே ஹாக்ஸ்லிதான் லிவர்ப்பூல் நகருக்காக ரிவிங்டன் என்னுமிடத்தில் நீர்த்தேக்கங்களை அமைத்தார். 1857 முதல் அங்கிருந்து நீர் வந்தது. ஆனால் கப்பல்களும் பஞ்சு வணிகமும் பெருக, நகரமும் பெருத்துக்கொண்டே போயிற்று. 1865-இல் கடும் வறட்சி. நகராட்சி வேறு வழியின்றித் தண்ணீரை நேரக் கணக்கில் விடத் தொடங்கியது. மழை திரும்பிற்று; நேரக் கணக்கு மட்டும் போகவில்லை. நாள் முழுதும் திறந்துவிட்டால் தேக்கங்கள் வறண்டுவிடுமோ என்ற அச்சம் நிலைத்துவிட்டது. நம் மாணவரின் கேள்வி அங்கே ஒரு நகரத்தின் கேள்வியாக நின்றது.

கெல்வினின் மாணவர்

1871-இல் லிவர்ப்பூலின் பொறியாளராக ஜார்ஜ் பிரடெரிக் டீக்கன் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 28. இவரைப் பற்றிச் சொல்லும்போது இயற்பியல் ஆசிரியனான எனக்குச் சிறிது பெருமை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் தாம்சனிடம், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவரிடம், பாடம் கேட்டவர் டீக்கன். 1865-இல் அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி பதிக்கச் சென்ற ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலிலும் பணிபுரிந்தவர். கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கும் கம்பியில் எங்கே பழுது என்று மேலிருந்தே அளந்து கண்டுபிடிக்கும் கலை அந்தக் கப்பலில் இருந்தது. அதே மனப்பாங்கை அவர் தெருவுக்கு அடியில் கிடந்த குழாய்களின்மேல் திருப்பினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

டீக்கனின் சிந்தனை எளிமையானது. பகலில் குழாயில் ஓடும் நீரில் பயன்படுவது எவ்வளவு, வீணாவது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. இரண்டும் கலந்தே ஓடுகின்றன. ஆனால் நள்ளிரவில்? சமையல் இல்லை, குளியல் இல்லை, துவைத்தல் இல்லை. ஊர் உறங்குகிறது. அப்போதும் குழாயில் நீர் ஓடுமானால் அதைக் குடிப்பது யார்? ஓட்டைதான்!

இதை அளப்பதற்காக 1873-இல் அவர் ஒரு கருவியைச் செய்தார். மேலே குறுகியும் கீழே விரிந்தும் உள்ள ஒரு கூம்புக் குழாய் வழியே நீர் கீழ்நோக்கிப் பாயும். அதனுள் ஒரு வட்டத் தகடு மெல்லிய கம்பியில் தொங்கும். கம்பி ஒரு கப்பியின்மேல் ஏறி மறுபுறம் எடைக்கல்லைத் தாங்கும். நீர் ஓடாதபோது எடைக்கல் தகட்டைக் குறுகிய மேற்பகுதிக்கு இழுத்துவிடும். நீர் ஓட ஓட, தகடு அழுந்தி அகன்ற பகுதிக்கு இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நீரோட்டம். கம்பியோடு இணைத்த ஒரு பென்சில், கடிகாரப் பொறியால் மெல்லச் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் கோடு வரையும். ஒரு நாள் முழுதும் நீர் ஓடிய வரலாறு அந்தத் தாளில் பதிந்துவிடும்.

காலையில் கோடு எழும், நண்பகலில் அலையும், மாலையில் மீண்டும் எழும், நள்ளிரவுக்குப் பின் ஆடாமல் அசையாமல் ஒரே நேர்கோடாகச் செல்லும். அந்த நேர்கோடு சுழியைத் தொட்டால் அப்பகுதியில் ஓட்டை இல்லை. சுழிக்கு மேலே நின்றால் அந்த உயரமே இழப்பின் அளவு.

இரும்புச் சாவியும் காதும்

நகரம் முழுவதையும் ஒரே கருவியால் அளந்து பயனில்லை. டீக்கன் நகரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நீர் ஒரே குழாய் வழியாக மட்டும் நுழையும்படி மற்ற வழிகளை அடைத்து, அந்த ஒரு வழியில் தம் கருவியைப் பொருத்தினார். எந்த வட்டாரத்தின் நள்ளிரவுக் கோடு உயர்ந்து நிற்கிறதோ, அங்கே ஆள் அனுப்பினார்.

இரவு ஆய்வாளரின் கையில் இருந்தது நீண்ட இரும்புச் சாவி. ஒவ்வொரு வீட்டின் முன்னும் தெருவில் ஒரு வால்வு இருக்கும். அதைத் திருகுவதற்கான சாவி அது. ஆய்வாளர் சாவியை வால்வின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். மருத்துவர் மார்பில் குழலை வைத்துக் கேட்பது போலத்தான். துளை வழியே பீறும் நீர் ‘உஸ்’ என்று ஒலி எழுப்பும். இரும்பு அவ்வொலியைக் காதுக்குக் கொண்டுவரும். ஒலி கேட்டால் வால்வை மூடிப் பார்ப்பார். ஒலி நின்றால் பழுது வீட்டுப் பக்கம். நிற்காவிட்டால் தெருக் குழாயின் பக்கம். மூடிய நேரத்தையும் வீட்டு எண்ணையும் குறித்துக்கொள்வார்.

அதே நேரத்தில் வட்டாரத்தின் வாயிலில் இருந்த கருவியின் பென்சிலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பழுதுள்ள வீட்டின் வால்வு மூடப்பட்ட வினாடியில் கோடு ஒரு படி மாறும். காலையில் அலுவலகத்தில் தாளையும் குறிப்பேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். எந்த வீட்டில் எவ்வளவு வீணாகிறது என்று தெரிந்துவிடும். ஒரு வீட்டுக் கதவையும் தட்டவேண்டியதில்லை. ஒரு தெருவையும் வீணாகத் தோண்டவேண்டியதில்லை.

கண்டவை என்ன? தேய்ந்த வாஷர்கள், சரியாக மூடாத கழிப்பறைத் தொட்டிகள், மண்ணுக்குள் அரித்துப்போன கிளைக் குழாய்கள். எல்லாம் சிறியவை; எல்லாம் ஓயாமல் ஒழுகியவை. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்த பின், லிவர்ப்பூல் வட்டாரம் வட்டாரமாக 24 மணி நேர விநியோகத்துக்குத் திரும்பியது. அஞ்சியபடி தேக்கம் வறளவில்லை. டீக்கனின் முறையைப் பிற நகரங்களும் மேற்கொண்டன.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. இழப்பைக் குறைத்த பின்னும், வளர்ந்துவரும் நகருக்குப் புது நீர் வேண்டியிருந்தது. வேல்ஸ் நாட்டின் மலைகளுக்கிடையே வெர்ன்வி ஆற்றில் 1881-இல் அணை கட்டத் தொடங்கினர். ஹாக்ஸ்லியும் டீக்கனும் அதன் பொறியாளர்கள். லன்வத்தின் என்னும் சிற்றூர், அதன் தேவாலயம், வீடுகள் யாவும் நீருக்குள் மறைந்தன. 1892-இல் 68 மைல் தொலைவு கடந்து அந்நீர் லிவர்ப்பூலை அடைந்தது. ஒரு நகரம் புது நீர் தேடும்போது யாரோ சிலருடைய ஊர் அதற்கு விலையாகிறது. அந்த விலையைக் கேட்குமுன் தன் குழாய்களை ஒழுகாமல் வைத்திருப்பது நகரத்தின் கடமை அன்றோ?

நிறுத்தி விடுவதால் நேரும் கேடு

இனி மாணவரின் கேள்விக்கு நேராக வருவோம். ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விட்டால் இழப்பு குறையாதா?

அவர் சொன்னதில் பாதி உண்மை. மிளகுத் துளை நாள் முழுதும் 12,900 லிட்டர் ஒழுகும்; ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 540 லிட்டர்தான். கசியும் நேரம் குறைகிறது. ஆனால் ஓட்டை அப்படியே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நள்ளிரவில் குழாயில் அழுத்தம் வேண்டும். வெற்றுக் குழாய் பேசாது! தண்ணீர் வரும் அந்த ஒரு மணி நேரத்திலோ எல்லோர் வீட்டிலும் குழாய் திறந்திருக்கும். டீக்கனின் கருவியை வைத்தாலும் பயனையும் இழப்பையும் பிரித்தறிய முடியாது. ஆகவே இன்று ஒன்றாயிருக்கும் ஓட்டை நாளை பத்தாகும்.

அது ஏன் பத்தாகிறது என்பதற்கு மாஸ்கோ விடை தந்தது. அங்கே பெருங்குழாய்கள் அடிக்கடி வெடித்தன. விமான இயலின் முன்னோடியான நிக்கொலாய் ஜூக்கோவ்ஸ்கி 1897, 1898 ஆண்டுகளில் அலெக்செயெவ்ஸ்கயா பம்பு நிலையத்தில் சோதனைகள் நடத்தினார். ஓடும் நீரைத் திடீரென்று தடுத்தால் அழுத்த அலை ஒன்று குழாய் நெடுகப் பாய்கிறது என்றும், அழுத்த உயர்வு நீரின் அடர்த்தி, அலையின் வேகம், நீரின் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கல் தொகை என்றும் அவர் நிறுவினார். அலையின் வேகம் வினாடிக்கு 1,000 மீட்டர், நீரின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்று கொண்டால், அழுத்தம் 10 லட்சம் பாஸ்கல் உயரும். 100 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம் இது! சம்மட்டி அடி போன்றது. நாள்தோறும் வெற்றுக் குழாயில் நீரைப் பாய்ச்சி, காற்றை விரட்டி, மீண்டும் நிறுத்தும் ஊரில் குழாயின் இணைப்புகள் இத்தகைய அதிர்ச்சிகளை நாள்தோறும் தாங்கவேண்டும். அதே ஜூக்கோவ்ஸ்கி, அலை எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு குழாய் உடைந்த இடத்தை அறியலாம் என்றும் காட்டினார்.

இன்னொரு கேடு உடல்நலம் பற்றியது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை வழியே நீர் வெளியே போகும். அழுத்தம் போனதும் அதே ஓட்டை வழியே சாக்கடை நீர் உள்ளே வரும். ஓட்டைக்கு இருபுறமும் கதவுதான். என் தாயார் முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைப் பிடிக்காமல் விடுவதன் காரணம் இதுவே. அந்த ஐந்து நிமிட நீரும் இழப்புதான். மறுநாள் வருமோ வராதோ என்று மிகுதியாய்ப் பிடித்து மறுநாள் கொட்டும் நீரும் இழப்புதான். இவை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

காதிலிருந்து கணக்குக்கு

டீக்கனின் ஆட்கள் காதால் கேட்டதை இருபதாம் நூற்றாண்டு மின்கருவிகளால் கேட்டது. தரையில் வைத்துக் கேட்கும் ஒலிவாங்கிகள் வந்தன. 1970-களில் பிரிட்டனில் ஒலிகளை ஒப்பிடும் கருவி உருவானது. அதன் தத்துவத்தைப் பள்ளி மாணவரும் கணக்கிடலாம்.

100 மீட்டர் இடைவெளியில் குழாயின் இரு இடங்களில் இரண்டு ஒலியுணரிகளை வைக்கிறோம். கசிவின் ஒலி இரண்டையும் அடைகிறது. அருகிலுள்ளதை முன்னதாக அடைகிறது. நேர வேறுபாடு 0.02 வினாடி என்று கருவி காட்டுகிறது. இரும்புக் குழாயில் ஒலி வினாடிக்கு 1,200 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், 0.02 வினாடியில் 24 மீட்டர். 100-இலிருந்து 24-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 38. அருகிலுள்ள உணரியிலிருந்து 38 மீட்டரில் தோண்டலாம். பிளாஸ்டிக் குழாயில் ஒலியின் வேகம் மிகவும் குறைவு. ஒலியும் விரைவில் மங்கிவிடும். ஆதலால் அங்கே உணரிகளை நெருக்கமாக வைக்கவேண்டும்.

எனினும் கருவி மட்டும் ஒரு நகரத்தைக் காப்பாற்றுவதில்லை. போரில் சிதைந்த டோக்கியோவில் 1945-இல் குழாயில் விட்ட நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஒழுகிப் போயிற்று. பல்லாண்டுகள் இரவு நீரோட்டத்தை அளந்தும், பழைய குழாய்களை மாற்றியும், 1980 முதல் வீட்டு இணைப்புகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைப் பதித்தும் அந்நகரம் கசிவை 3 விழுக்காட்டை ஒட்டிய அளவுக்குக் கொண்டுவந்தது.

‘அது செல்வ நாடு’ என்பீர்கள். அப்படியானால் கம்போடியாவைப் பாருங்கள். 1975 முதல் 1979 வரை நடந்த கொடிய ஆட்சியில் நோம் பென் நகரமே காலி செய்யப்பட்டது. நீர்ப்பணி அறிந்தவர்கள் பலர் மாண்டனர். 1993-இல் எக் சொன் சான் என்னும் பொறியாளர் அந்நகர நீர் நிறுவனத்தின் தலைவரானபோது, 72 விழுக்காடு நீருக்குக் கணக்கே இல்லை. ஒழுகியது பாதி, களவு போனது பாதி. நாளில் 10 மணி நேரமே நீர் வந்தது. அவர் ஒவ்வோர் இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். கள்ள இணைப்பைக் காட்டிக் கொடுத்தவர்களுக்குப் பரிசளித்தார். உயர் அதிகாரிகளின் வீடுகளையும் விடவில்லை. மீட்டர் வைக்கச் சென்ற ஓரிடத்தில் ஒரு படைத்தலைவர் அவர் தலைக்கு நேரே துப்பாக்கி நீட்டினார். மறுமுறை அவர் துணைக்கு ஆட்களோடு சென்று, அந்த வீட்டின் இணைப்பைத் துண்டித்தார். குழாய்களைப் புதுப்பித்து, நகரை வட்டாரங்களாக்கி, அழுத்தத்தையும் நீரோட்டத்தையும் இடைவிடாமல் கண்காணித்தார்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இழப்பு 6 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. 24 மணி நேரமும் நீர் வந்தது. 2006-இல் எக் சொன் சானுக்கு மகசேசே விருது கிடைத்தது.

பிரான்டினஸ் கண்ட கள்ளக் குழாயும், டீக்கன் பிரித்த வட்டாரமும் நோம் பென்னில் ஒன்றுசேர்வதைக் காண்கிறீர்கள் அல்லவா?

உங்கள் வீட்டில் ஒரு சோதனை

உலகின் நகரங்களில் கசிவாலும் களவாலும் மீட்டர் பிழையாலும் கணக்கில் வராமல் போகும் நீர் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,600 கோடி கனமீட்டர் என்று 2019-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. மேட்டூர் அணையை 47 முறை நிரப்பலாம்.

நம் ஊர்களில் நாளையே எல்லா வால்வுகளையும் திறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் மாணவர் அஞ்சியதே நடக்கும். டீக்கன் காட்டிய வரிசையே சரி. முதலில் ஒரு சிறு வட்டாரம். அதன் வாயிலில் ஒரு மீட்டர். சில இரவுகள் முழு அழுத்தம். கசிவைத் தேடி அடைத்தல். பிறகு அடுத்த வட்டாரம். இழப்பில் மீட்கும் நீரே அடுத்த வட்டாரத்துக்கு முதலாகும்.

இதை நீங்கள் உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம். இன்றிரவு படுக்குமுன் மாடித் தொட்டியில் நீர் மட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வையுங்கள். இரவில் யாரும் நீர் எடுக்காமல் இருக்கட்டும். தெருக் குழாய் திறக்குமுன், விடிந்ததும் பாருங்கள். மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் உங்கள் வீட்டிலும் ஊர் உறங்கும்போது நீர் ஓடுகிறது. ஒரு திருப்புளியை எடுத்துக் குழாயில் ஊன்றிக் காதை வைத்துக் கேளுங்கள்.

சென்ற வாரம் அந்த மாணவர் என்னைக் கல்லூரி வாயிலில் கண்டு, இச்சோதனையைத் தம் வீட்டில் செய்துபார்த்ததாகச் சொன்னார். கழிப்பறைத் தொட்டியின் வாஷர் தேய்ந்திருந்ததாம். புது வாஷர் போட்டுவிட்டாராம். “ராத்திரி மட்டம் அசையவே இல்லை, சார்” என்றார்.